பதினோரு நடை

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து தலையை இடப்பக்கம் சாய்ப்பார். செண்பகவல்லி அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்து அவருடைய வலது காதுக்குப் பின்னால், எலும்பு மேடிட்டிருக்கும் இடத்தில் ஒட்டுவாள். பத்து எண்ணும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எண்ணி முடித்ததும் அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நடக்கக் கிளம்பிவிடுவார். நடந்து முடிந்ததும் பொட்டை அவரே உரித்துப் போட்டுவிட்டு வருவார்.

அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் அவள் ஒரு சாயங்காலத்தை முழுவதுமாக நினைத்துக்கொள்வாள். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தைய சாயங்காலம் அது. பொட்டு அவரிடமிருந்து துளித்துளியாக எடுத்துக்கொண்டிருந்தது அந்தச் சாயங்காலத்தைத்தான். அவருக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தே ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வேறு வழி இருந்திருந்தால் ஒட்டியிருக்கமாட்டாள்.

போன சித்திரையில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. குழாய் வைத்து அடைப்பை எடுத்த மருத்துவர் மருந்துகளை எழுதிக் கொடுத்துவிட்டு, இதெல்லாம் பாதிதான், மீதிப் பாதி தினமும் முக்கால் மணி நேரம் நடப்பது என்றார். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று செண்பகவல்லி கேட்டபோது, அடுத்த சித்திரையைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று அவர் கணினித் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

கோமதிநாயகம் சோம்பேறி இல்லை. மில்லில் முப்பது வருடம் நூற்புப் பிரிவில் நின்றே வேலை பார்த்தவர். ஆனால் சும்மா நடப்பது என்பது அவருக்குப் புரியவே இல்லை. தெருமுனைவரை போவார், திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார். செண்பகவல்லி தன்னால் ஆன தந்திரமெல்லாம் செய்து பார்த்தாள். பால் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வரச் சொன்னாள். அவர் பால்காரனிடம் பேசி நாலு பாக்கெட்டையும் வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். டி.வி. ரிமோட்டை மாடியில் ஒளித்தாள். அவர் டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வெங்காய வடை நன்றாக இருக்கிறது, வாரத்தில் ஒருநாள் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று ஆசை காட்டினாள். ஆட்டோவில் போய்ச் சாப்பிட்டு ஆட்டோவில் வந்தார். ஓசூரிலிருந்து மகள் அடி எண்ணும் கைக்கடிகாரம் அனுப்பினாள். ஒருநாள் மத்தியானம் பின்கட்டில் துவைக்கும் இயந்திரம் குலுங்கிக்கொண்டிருக்க, அதன் மூடிமேல் கிடந்த கடிகாரம் ஆறாயிரம் அடி நடந்ததற்காக அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் சத்தம்போட்டாள். சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடி அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

“நடன்னா எங்க போய் நடக்க, வல்லி? போறதுக்கு ஒரு வேலை இருக்கணும்ல.”

அதற்குப் பிறகுதான் மையத்துக்குப் போனார்கள்.

அதற்குள் அந்தப் பொட்டு ஊரில் பாதிப் பேருடைய காதுக்குப் பின்னால் இருந்தது. அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தாலும், நெற்றிப் பொட்டு மாதிரியே அட்டையில் வந்ததால் எல்லோரும் பொட்டு என்றே சொன்னார்கள். மையத்தில் இருந்த பெண் பெயர் பெர்சிஸ். திருச்செந்தூர்ப் பக்கம். பொறுமையாகப் பேசினாள். ஒவ்வொருவர் உடம்பும் எப்போதோ ஒருமுறை அசைவதில் ஒரு சந்தோஷத்தை அனுபவித்திருக்கும். ஓடியதிலோ, நீந்தியதிலோ, மரம் ஏறியதிலோ. அந்தச் சந்தோஷம் மூளையில் எங்கே தங்கியிருக்கிறது என்று இயந்திரம் பார்த்துக் குறித்துக்கொள்ளும். பொட்டு ஒட்டி நடக்கும்போது அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு அந்த ருசியை மட்டும் காலுக்குக் கொடுக்கும். படமாக எதுவும் தெரியாது. நடப்பது பிடித்துப்போகும், அவ்வளவுதான்.

செண்பகவல்லி நேராகவே கேட்டாள். “தொட்டுக்கிட்டே இருந்தா அது தேயாதா?”

பெர்சிஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பதில்லை போலிருந்தது.

“தேயும்மா. சந்தனக்கட்டைய உரசுற மாதிரிதான். வாசம் வரணும்னா கட்டை தேயத்தான் செய்யும். எட்டு மாசம், ஒரு வருஷம் வரும். அதனாலதான் எதைக் குடுக்கலாம்னு அவங்களையே சொல்லச் சொல்றோம்.”

கோமதிநாயகத்துக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாவட்டப் பூப்பந்து இறுதிப் போட்டி என்றார். மில் அணிக்காக முன்வரிசையில் நின்று ஆடி, மூன்றாவது செட்டில் வெற்றிப் புள்ளியான இருபத்தொன்பதாவதை அவர்தான் அடித்தார். கோப்பை மில் அலுவலகத்தில் இருந்தது. மில் மூடியபோது அதுவும் எங்கோ போய்விட்டது.

“கோப்பையே போயிருச்சு. நெனப்பு இருந்து என்ன செய்ய? எடுத்துக்கோங்க,” என்றார். சொல்லிவிட்டு, அரைத் தூக்கத்துக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து பெர்சிஸ் மட்டும் வெளியே வந்து, செண்பகவல்லியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்த மேட்ச்சுல ஒண்ணும் இல்ல. பெருமை இருக்கு. சந்தோஷம் இல்ல. அதைப் போட்டா பத்து நாளு நடப்பாரு. அப்புறம் நின்னுருவாரு.”

செண்பகவல்லி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“வேற ஒரு இடத்துல அவ்வளவு இருக்கு. நான் இந்த வேலைக்கு வந்ததுலருந்து இப்படிப் பார்த்ததில்ல. தண்ணி, வாளி, கால்ல சேறுன்னு அரைத் தூக்கத்துல சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு பொண்ணு. அப்புறம் திரும்பத் திரும்ப பதினொன்னு, பதினொன்னுன்னு. பதினொன்னுன்னா என்னம்மா?”

செண்பகவல்லிக்குத் தெரியும்.

அப்போதெல்லாம் மில் காலனியில் பூப்பந்து மைதானத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. இன்றைக்குத் தோற்ற பக்கம் நாளைக்கு ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கரிசலும் செம்மண்ணும் கலந்த தரை. தெளிக்காவிட்டால் புழுதி கிளம்பிப் பந்தே தெரியாது, சுண்ணாம்புக் கோடும் நிற்காது. தண்ணீர் எடுக்க வேண்டியது பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் காலனிக் குழாயில். ஒரு மாசி மாதம், அந்த வரிசையில் புதிதாக ஒரு பெண் நின்றாள். அவளுடைய அப்பா மில்லில் வேறொரு பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முன்வரிசை ஆட்டக்காரர் கோமதிநாயகம் அதற்குப் பிறகு எட்டு நாள் தொடர்ந்து தோற்றார். கைக்கு வந்த பந்தை வலையில் அடித்தார். அணியிலிருந்த சீனிராஜ் மட்டையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தான்.

ஒன்பதாவது நாள் அந்தப் பெண் அவரிடம் முதல்முறையாகப் பேசினாள். திட்டினாள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வீட்டில் ஆள்கள் காத்திருக்க, மண்ணுக்கு ஊற்ற வாளியோடு வந்து நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். அவர் தன் வாளித் தண்ணீரை அவளுடைய குடத்தில் ஊற்றினார். குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் லைன் கடைசி வீடுவரை ஓடினார். திரும்பி ஓடி வந்தார். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவியின் குடம். அதற்குப் பின்னால் இருந்த குடம். வரிசை தீரும்வரை ஓடினார். பதினோரு நடை. அவள் குழாயடியிலேயே நின்று எண்ணினாள். மைதானத்தில் மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை. கடைசி நடையில் இருட்டத் தொடங்கியிருந்தது. முழங்கால்வரை சேறோடு வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, இப்போது மண்ணுக்கு ஒரு வாளி எடுத்துக்கலாமா என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். பட்டன் போன் காலம் அது. மறுநாளிலிருந்து ஆட்டம் முடிந்ததும் ஒரு மிஸ்டு கால், தோற்றால் இரண்டு. அடுத்த வருடம் கல்யாணம்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த எண் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அரிசி மூட்டையை இறக்கும்போது, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கோயில் படி ஏறும்போது, எந்த வேலையாக இருந்தாலும் அவர் சொல்வார்: “பதினோரு நடை நடந்தவனுக்கு இதென்ன?” அவள் மறக்காமல் பதில் சொல்வாள்: “பன்னெண்டாவது நடந்திருந்தா தெரியும்.”

பெர்சிஸ் காத்திருந்தாள்.

“அவரை எழுப்பிக் கேட்கலாம்மா. கேட்டா அநேகமா வேண்டாம்பாரு. நிறையப் பேரு அப்படித்தான் எழுந்து போயிருக்காங்க. இல்லைன்னா நீங்க முடிவு பண்ணலாம். மனைவி சம்மதம் செல்லும்.”

சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாயங்காலம் இரண்டு பேரிடம் இருந்தது. இனி ஒருவரிடம்தான் இருக்கும். ஆனால் அவர் போய்விட்டாலும் அது ஒருவரிடம்தானே இருக்கும்?

“எழுப்ப வேண்டாம்,” என்றாள். “அவர்ட்டச் சொல்லவும் வேண்டாம்.”

பெர்சிஸ் நீட்டிய சம்மதத் திரையில் கட்டைவிரலை வைத்தாள்.

மறுநாளிலிருந்து அவர் நடந்தார். முதல் நாள் தெருமுனையைத் தாண்டிப் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வையோடு, இருபத்தேழு வயதில் வந்து நின்றதுபோலவே நின்றார். செண்பகவல்லி சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் வெளியே வரவில்லை. பத்தாவது நாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடினார். இரண்டாவது மாதம் சர்க்கரை இறங்கியது. மருத்துவர் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஊரும் அப்படித்தான் நடந்தது. சாயங்காலமானால் தெருவெல்லாம் காதுக்குப் பின்னால் பொட்டோடு, காரணம் தெரியாத சிரிப்போடு ஆட்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் உனக்கு எது என்பதுதான் முதல் கேள்வி. எனக்குக் கிணற்றில் குதித்தது, எனக்குச் சினிமாவுக்குச் சுவரேறியது. பொட்டு ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆனபின் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அடுத்த தெரு தலைமையாசிரியர் சைக்கிள் கற்றுக்கொண்டதைக் கொடுத்திருந்தார். இப்போதும் நன்றாகவே சைக்கிள் ஓட்டினார். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது அப்பாவா அண்ணனா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் இரண்டு பேருமே உயிரோடு இல்லை.

செண்பகவல்லி கவனித்துக்கொண்டிருந்தாள். முதல் மாதம் எரிவாயு உருளையை நகர்த்தும்போது அவர் வழக்கம்போலப் பதினோரு நடையைச் சொன்னார். மூன்றாவது மாதம் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்பதுபோல நின்றார். ஐந்தாவது மாதம் அவர் சொல்லவே இல்லை. ஆறாவது மாதம் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவளால் பொறுக்க முடியவில்லை. அவளே சொன்னாள்.

“பதினோரு நடை நடந்தவருக்கு இதென்ன?”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மரியாதையாகச் சிரித்தார். வேற்று மனிதர்களிடம் சிரிக்கிற சிரிப்பு.

“என்ன பதினொன்னு?”

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

அன்றிரவு சாப்பாடு பரிமாறும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டில் மௌனம் புதிதில்லை. ஆனால் முன்பிருந்த மௌனத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இதில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

மறுநாளும் ஐந்து மணிக்கு ஒட்டினாள். பத்து எண்ணினாள்.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள். அவர் முணுமுணுப்பது நின்றுபோயிற்று. ஐந்து மணிக்கு எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆனாலும் போனார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சரியாகிவிட்டது. வரும்போது வேட்டிக் கரையில் சேறு இருந்தது. அந்த வருடம் ஐப்பசி மழையும் பொய்த்து, ஊரில் மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. செருப்பின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் கழுவி வைத்தாள், கேட்கவில்லை. கேட்கக் கூடாத ஒன்றைத் தானே வைத்திருப்பவளுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தை பிறந்து ஒரு வாரத்தில் பெர்சிஸ் போனில் கூப்பிட்டாள்.

“அம்மா, ஐயா தினமும் பொட்டு ஒட்டுறாரா?”

“நான்தானே ஒட்டுறேன். என் கையால.”

“இங்க ரெண்டு மாசமா ஒண்ணுமே பதிவாகலம்மா.”

செண்பகவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “தீந்துபோச்சா?”

“தீர்ந்தாலும் இப்படித்தான் காட்டும். ஒட்டாம இருந்தாலும் இப்படித்தான் காட்டும்,” என்றாள் பெர்சிஸ். ஏதோ சொல்ல நினைத்து நிறுத்தியது போலிருந்தது. “நீங்க ஒருதடவ அவரு பின்னால போய்ப் பாருங்கம்மா.”

அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் ஒட்டினாள். பத்து எண்ணினாள். அவர் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு அவளும் நடந்தாள். தான் இப்படித் தனியாக வேகமாக நடந்து எத்தனை வருடமாயிற்று என்று பாதி வழியில்தான் அவளுக்குத் தோன்றியது.

அவர் மில் பக்கம் போனார். மில்லின் புகைபோக்கி மட்டும்தான் மிச்சம். காலனியின் லைன் வீடுகளை இடித்துப் பத்து வருடமாகிவிட்டது. வழக்கு முடியாததால் இடம் அப்படியே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. உள்ளே ஓர் ஒற்றையடிப் பாதை புதிதாகத் தடம் விழுந்திருந்தது.

பாதை திரும்பும் இடத்தில் காலனிக் குழாயின் கல்தூண் நின்றது. குழாயை யாரோ எப்போதோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். தூணின் மேல்பக்கத்தில் வட்ட வட்டமாக என்னவோ படர்ந்திருந்தது. பூஞ்சை என்று நினைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

பொட்டுகள். ஐம்பதோ அறுபதோ இருக்கும். குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் பெண்கள் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டி வைப்பார்களே, அதுபோல வரிசையாக. பழையவை வெயிலில் வெளுத்திருந்தன. கடைசியாக இருந்ததைத் தொட்டாள். இன்னும் ஈரம் போகவில்லை. அவளுடைய கட்டைவிரல் ரேகை அதன் மேல் இருந்தது.

“மதினி.”

வேலிக்கு அந்தப் பக்கம் சீனிராஜ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் மூட்டை மாற்றியதிலிருந்து அவன் எங்கே போனாலும் நாற்காலியோடுதான் போவான். அவனுக்குப் பின்னால் முள்ளெல்லாம் வெட்டித் தரை தெரிந்தது. இரண்டு கம்பங்கள், நடுவே வலை. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பக்கத்து நகர்ப் பெண்கள் நாலு பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறு மஞ்சள் நூற்பந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

தூரத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து கோமதிநாயகம் இரண்டு வாளியோடு வந்துகொண்டிருந்தார். இரண்டும் அரை வாளி.

“நேத்தும் தோத்தான், முந்தாநேத்தும் தோத்தான்,” என்றான் சீனிராஜ். “அந்தக் காலத்துல வேணும்னு தோத்தான். இப்ப நெசமாவே தோக்கான். அரை வாளிக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காராம். ஆட்டத்துலயும் நின்ன இடத்துலதான் ஆடணுமாம். நல்ல ஆளத்தான் அணியில சேத்தேன்.”

அவனாகவே சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன்னால் நாயகம் இந்தப் பக்கம் நடந்து வந்தபோது சும்மா கேலி பண்ணினானாம், குழாயடிக்காக எட்டு நாள் தோற்றவன்தானே நீ என்று. நாயகம் என்ன குழாயடி என்று கேட்டிருக்கிறார். இவன் சிரித்திருக்கிறான். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவர் மையத்துக்குப் போய், எதை எடுத்தார்கள், யார் சம்மதித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

வாளிகள் அருகே வந்து நின்றன. அவர் அவளைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். வாளிகளைக் கீழே வைத்தார்.

சீனிராஜ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துப் பக்கம் போய்விட்டான்.

“கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல,” என்றாள் அவள் கடைசியில்.

“உன் கை ஒட்டுனது. கிழிக்க மனசு வரல.”

“கோவமா?”

அவர் யோசித்தார். “ஒரு வாரம் இருந்துச்சு.”

“எழுப்பிக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீக?”

“வேண்டாம்னுதான்.”

“செத்திருப்பீக.”

“ஆமா,” என்றார். “அதையும் அந்த ஒரு வாரத்துலதான் யோசிச்சேன்.”

காற்றில் ஈரமண் வாசம் வந்தது. பாதி மைதானம் நனைந்து கறுத்திருந்தது, மீதி வெளுத்துக் கிடந்தது. பொட்டு இல்லாமல் நடந்தது முதல் ஒரு வாரம் நரகமாக இருந்தது என்று அவர் சொன்னார். ஒவ்வொரு அடியும் அடியாகவே இருந்ததாம். முள்ளை வெட்டலாம் என்று சீனிராஜ்தான் அரிவாளோடு வந்தானாம். வெட்டினால் கோடு போடலாம், கோடு போட்டால் தண்ணீர் தெளிக்கலாம் என்று ஒவ்வொன்றாக வந்ததாம். ஆள் சேர்ந்ததும் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டார்களாம். யாராவது தோற்கிறார்கள், அதனால் மறுநாள் யாராவது வந்தாக வேண்டியிருக்கிறதாம்.

“சொல்லியிருக்கலாம்ல என்கிட்ட,” என்றாள்.

“நீ சொன்னியா?”

அவள் தூணிலிருந்த பொட்டுகளைப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

“சீனிராஜ் எல்லாத்தையும் சொன்னான். கேட்டேன். யாரோ ஒரு பயலோட கத மாதிரி இருந்துச்சு. நல்ல கததான்.” கொஞ்சம் நிறுத்தினார். “முழுசாப் போகல. ஒரே ஒரு துண்டு இருக்கு. ஒரு குடம். யாரு கையில இருக்குன்னு தெரியல. கழுத்துல கயிறு கட்டுன மஞ்சக் குடம்.”

“பச்சை,” என்றாள் செண்பகவல்லி.

“மஞ்சள்.”

“என் குடம், எனக்குத் தெரியாதா? பச்சைக் குடம்.”

“எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் குத்தம் சொல்ற. மஞ்சள்.”

அவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். அப்படியே நின்றாள். அம்மாவிடம் இரண்டு குடம் இருந்தது. ஒன்று விளிம்பில் கீறல் விட்டு, கயிறு கட்டித்தான் தூக்க வேண்டியிருந்தது. மாற்றலாகி வந்த வண்டியில் பச்சைக் குடம் உடைந்துபோனதாக அம்மா அழுதாளே, அது இந்த ஊருக்கு வந்தபோதா, முந்தைய ஊரிலா? எத்தனை முறை சொல்லியிருப்பாள் இந்தக் கதையை. மகளுக்கு, மருமகனுக்கு, கல்யாண வீடுகளில், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் பச்சை என்றுதான் சொன்னாள். பச்சை என்று சொல்லிச் சொல்லித்தான் அது பச்சையாக இருக்கிறதோ என்னவோ. கண்ணை மூடிப் பார்த்தாள். பதினோரு முறை ஓடி வந்தவரின் முகம் தெரிந்தது. அது இருபத்தேழு வயது முகமா, போன வைகாசியில் முதல் நாள் நடந்துவிட்டு வந்து நின்ற முகமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“மஞ்சளாவே இருக்கட்டும்,” என்றாள்.

“இருக்கட்டும் இல்ல. மஞ்சள்தான்.”

மைதானத்திலிருந்து யாரோ சத்தம் கொடுத்தார்கள். இருட்டுமுன் ஒரு செட்டாவது ஆட வேண்டாமா, பேச்சை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று சேலையைச் செருகியிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள். கோமதிநாயகம் குனிந்தார். அவர் கை படுவதற்குள் செண்பகவல்லி ஒரு வாளியை எடுத்துக்கொண்டாள். அரை வாளிதான். ஆனாலும் கனமாக இருந்தது. பிடி அவர் கைச் சூட்டோடு இருந்தது.

இரண்டு பேரும் காய்ந்த பாதியை நோக்கி நடந்தார்கள். அவள் புடவைக் கரையில் தண்ணீர் தளும்பியது.

“எத்தன நட ஆகும்?” என்று கேட்டாள்.

“எப்பவும் பத்துப் பன்னெண்டு ஆகும். நான் எண்ணுறதில்ல.”

“நான் எண்ணுறேன்,” என்றாள்.